டிக்கெட் அந்த ரயிலுக்கா, அந்தப் பாதைக்கா? (வாசகர் கேள்வி பதில்)

வெளிநாடுகளில் ரயில் பயணம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம், நிறையவே வந்தன. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீண்டுவிட்டது, விஷயம் அப்படி.

கேள்வி: நானும் என் கணவரும் மூன்று வாரம் ஐரோப்பாவில் சுற்றப் போகிறோம். பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, வியன்னா, கடைசியாக பெர்லின். பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டான யூரெயில் பாஸ் வாங்கிவிட்டால் எந்த ரயிலிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம் என்கிறார் தோழி. வாங்கலாமா?

உங்கள் தோழி சொல்வது ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்துக்குப் பெரும்பாலும் சரி. பிரான்ஸ், இத்தாலியின் வேக ரயில்களுக்குச் சரியில்லை. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் எந்த நாட்டு ரயிலையும் சமாளித்துவிடலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரயில் டிக்கெட்டில் அடிப்படையாக இரண்டு வகை உண்டு. முதல் வகை, இந்த ஊரிலிருந்து அந்த ஊர் வரை போகலாம் என்று மட்டும் சொல்லும். காலை ரயிலா மாலை ரயிலா, எந்தப் பெட்டி, எந்த இருக்கை என்பதெல்லாம் உங்கள் விருப்பம். இரண்டாவது வகை, இந்தத் தேதி, இந்த மணி, இந்த இருக்கை என்று கட்டிப்போட்டது. அந்த ரயிலைத் தவறவிட்டால் பெரும்பாலும் டிக்கெட்டும் போச்சு. சுவிட்சர்லாந்து ஏறக்குறைய முழுக்க முதல் வகை. பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியாரோஸா, ஸ்பெயினின் ஆவே போன்ற வேக ரயில்கள் எல்லாம் இரண்டாவது வகை. பாஸ் கையில் இருந்தாலும் இந்த ரயில்களில் தனியாக இருக்கை முன்பதிவு செய்தாக வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஒரு தடவைக்கு 10 யூரோவிலிருந்து 20 யூரோ வரை ஆகிவிடும், இருவர் என்றால் இரட்டிப்பு. பிரான்சில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கும் இருக்கைகளுக்கு ஒரு எண்ணிக்கை இருக்கிறது, அது தீர்ந்துவிட்டால் ரயிலில் இடம் இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்காது.

உங்கள் பயணத்தில் நீண்ட தூரம் போகும் நாட்கள் ஐந்தோ ஆறோதான் வரும். தேதிகளும் முடிவாகிவிட்டன என்றால் பாஸ் வேண்டாம், தனித்தனியாக முன்கூட்டியே வாங்குங்கள், விலை நன்றாகவே குறையும். ஆனால் காலையில் எழுந்து மழை பெய்கிறதா என்று பார்த்துவிட்டு எந்த ஊர் போகலாம் என்று முடிவு செய்கிற ஆட்கள் நீங்கள் என்றால், குறிப்பாக ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் அதிக நாள் இருப்பதாக இருந்தால், பாஸ் அருமையான விஷயம். அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் அது உருவானது. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில் 1959இல் வந்தது, ஐரோப்பாவிலேயே வசிப்பவர்களுக்கான இன்டர்ரெயில் 1972இல் வந்தது. எதை வாங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் வசிக்கும் நாடு, இதைக் கவனிக்காமல் தவறான பாஸ் வாங்கிவிடாதீர்கள்.

சுவிட்சர்லாந்துக்கு மட்டும் தனிக் கணக்கு போடுங்கள். அங்கே டிக்கெட் விலை அதிகம், ஆனால் வெளிநாட்டவருக்கு ஒரு மாதம் செல்லும் அரைக் கட்டண அட்டை இருக்கிறது, அதை வாங்கினால் பெரும்பாலான ரயில், பஸ், படகு எல்லாம் பாதி விலை. 1982இலிருந்து அந்த நாடு முழுக்க ரயில்கள் ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடத்தில் கிளம்புகிற மாதிரி கால அட்டவணை வைத்திருக்கிறார்கள், ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று பார்க்கவே தேவையில்லை. என்னைக் கேட்டால் உலகத்தில் பயணிகளுக்கு மிகவும் மரியாதை கொடுக்கிற ரயில் ஏற்பாடு அதுதான்.

அப்புறம் ஒன்று, ஐரோப்பாவில் ஒவ்வொரு டிசம்பர் நடுவிலும் புதிய கால அட்டவணை அமலுக்கு வரும். குளிர்காலப் பயணம் என்றால் அந்தத் தேதிக்குப் பிந்தைய டிக்கெட்டுகள் தாமதமாக விற்பனைக்கு வரலாம். ரயிலே இல்லை என்று பதற வேண்டாம்.

கேள்வி: இத்தாலியில் உள்ளூர் ரயிலில் போனேன். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தது. ஆனாலும் பரிசோதகர் அபராதம் போட்டுவிட்டார். இது என்ன நியாயம்?

கோபம் புரிகிறது. ஆனால் விதி அப்படித்தான். நீங்கள் வாங்கியது மேலே சொன்ன முதல் வகை, பாதைக்கான டிக்கெட். காகித டிக்கெட்டில் எந்த ரயில் என்று எழுதியிருக்காது, அதனால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரம் பக்கத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து நேர முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் அதே டிக்கெட்டை நாளைக்கும் பயன்படுத்தலாம் அல்லவா, அதைத் தடுக்கத்தான் அபராதம். சுற்றுலாப் பயணி, தெரியாது என்றெல்லாம் சொன்னால் சிலர் விடுவார்கள், பலர் விடமாட்டார்கள். மொபைலில் வாங்கிய உள்ளூர் ரயில் டிக்கெட்டுக்கும் ஏறும் முன் 'செக் இன்' செய்ய வேண்டும். இருக்கை எண்ணோடு வரும் வேக ரயில் டிக்கெட்டுக்கு இது எதுவும் தேவையில்லை. டிக்கெட்டில் ரயில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முத்திரை குத்தும் இயந்திரத்தைத் தேடுங்கள்.

கேள்வி: அப்பா அம்மாவை ஜப்பானுக்கு அழைத்துப் போகிறேன். டோக்கியோ, கியோட்டோ, திரும்ப டோக்கியோ. ஜப்பான் முழுக்க ரயிலில் போகும் ஜேஆர் பாஸ் கட்டாயம் வாங்கணும் என்று எல்லாப் பழைய கட்டுரையிலும் இருக்கிறது.

பழைய கட்டுரைகளை அப்படியே நம்பாதீர்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் சாதாரண பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒரு வழிக்கு ஏறக்குறைய 14,000 யென் ஆகும், போய்வர 28,000. நீங்கள் சொல்லும் பயணத்துக்குப் பாஸ் தேவையே இல்லை. அதோடு, அந்தப் பாதையில் அதிவேகமாகப் போகும் நொசோமி ரயிலில் பாஸை வைத்துப் போக வேண்டுமென்றால் மேற்கொண்டு பணம் கட்ட வேண்டும், தனி டிக்கெட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பெற்றோரோடு போவதால் பெட்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சூட்கேஸின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செ.மீ.க்கு மேல் வருகிறது என்றால், டோக்கியோ கியோட்டோ பாதையில் பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையைத்தான் முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் காசு கிடையாது, ஆனால் முன்பதிவு இல்லாமல் கொண்டுபோனால் 1,000 யென் வாங்குவார்கள். இதைவிட நல்ல வழி, ஹோட்டல் வரவேற்பில் சொல்லி கூரியரில் பெரிய பெட்டிகளை அடுத்த ஊர் ஹோட்டலுக்கே அனுப்பிவிடுவது. பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். பெரியவர்களோடு போகும்போது இந்தச் செலவைச் செய்ய யோசிக்கவே வேண்டாம், டோக்கியோ ஸ்டேஷனின் படிகளில் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு திணறும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றும்.

டிக்கெட் ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரப்படி காலை 10 மணிக்கு விற்பனைக்கு வரும். சில சமயம் அடிப்படைக் கட்டணத்துக்கு ஒரு சீட்டும் வேகக் கட்டணத்துக்கு இன்னொரு சீட்டும் என இரண்டாகத் தருவார்கள். வாசலில் இரண்டையும் சேர்த்தே நுழைக்க வேண்டும், மறுபக்கம் சீட்டுகள் வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள மறக்கக் கூடாது. போகும்போது ஃபுஜி மலை வலது பக்கம், சாதாரண வகுப்பில் ஈ எழுத்து இருக்கை ஜன்னலோரம். வானம் தெளிவாக இருந்தால் அப்பா அம்மாவுக்கு அது ஒன்றே போதும்.

கேள்வி: முதல் ரயில் தாமதமாகி அடுத்த ரயிலைத் தவறவிட்டால் என்ன செய்வது? யாரிடம் கேட்பது?

இது நீங்கள் டிக்கெட் வாங்கிய விதத்தைப் பொறுத்தது. இரண்டு ரயிலும் ஒரே டிக்கெட்டில், ஒரே பயணமாக இருந்தால் உங்களைக் கடைசி ஊருக்குக் கொண்டுசேர்க்க வேண்டியது ரயில் நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைகிறதே என்று தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால், இரண்டாவது நிறுவனம் நீங்கள் வரவில்லை என்றுதான் பார்க்கும், ஏன் வரவில்லை என்று கேட்காது. கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டிய நாளில் சில யூரோ மிச்சம் பிடிக்கப் போய் இரவு நடு வழியில் தங்குவது சரியான பேரம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமே இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். 2023 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய விதிகளின்படி கடும் வெள்ளம், புயல் போன்ற காரணம் என்றால் இந்த இழப்பீடு கிடைக்காமல் போகலாம், ஆனால் வேறு ரயிலில் அனுப்பிவைக்கும் கடமை அப்போதும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று முன்பே தெரிந்தால் பயணமே வேண்டாம் என்று முழுப் பணத்தையும் திரும்ப வாங்கலாம்.

ஜெர்மனியில் ரயில்கள் தாமதமாவது இப்போது ஊரறிந்த விஷயம். அங்கே மலிவு டிக்கெட் ஒரு குறிப்பிட்ட ரயிலுக்குக் கட்டுப்பட்டது, ஆனால் சேரும் இடத்துக்கு 20 நிமிடம் அல்லது அதற்கு மேல் தாமதமாகும் என்ற நிலை வந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், வேறு ரயிலில் ஏறலாம். இது தெரியாமல் பலர் பிளாட்பாரத்தில் தாமதமான ரயிலுக்காகவே காத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஜப்பானில் அதிவேக ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானால் வேகக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தருவார்கள். பிரிட்டனில் நிறுவனத்தைப் பொறுத்து 15 அல்லது 30 நிமிடத் தாமதத்திலிருந்தே இழப்பீடு ஆரம்பிக்கும், ஆனால் நீங்களாக விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கே இருந்தாலும் தாமத அறிவிப்புப் பலகையைப் போட்டோ எடுத்து வையுங்கள். ரயிலிலேயே பரிசோதகரிடம் பேசுங்கள், அவர்கள் டிக்கெட்டில் ஒரு குறிப்பு போட்டுக் கொடுத்தால் அடுத்த ரயிலில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கேள்வி: மங்கோலியா எல்லையில் ரயிலை மணிக்கணக்கில் நிறுத்தி, பெட்டியைத் தூக்கிச் சக்கரத்தை மாற்றுகிறார்கள் என்று படித்தேன். உண்மையா? ஏன் இந்தப் பாடு?

உண்மைதான், ஆளை உள்ளே வைத்துக்கொண்டே தூக்குவார்கள். சீனாவில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 1,435 மி.மீ., மங்கோலியாவிலும் ரஷ்யாவிலும் 1,520. வித்தியாசம் நான்கு விரல் அகலம் கூட இருக்குமா என்றுதான் தோன்றும், ஆனால் சக்கரம் தண்டவாளத்தில் உட்காராது. அதனால் எர்லியான் என்ற எல்லை ஊரில் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஜாக்கியால் உயர்த்தி, கீழே இருக்கும் சக்கரத் தொகுதியை உருட்டி எடுத்துவிட்டு வேறு அளவுத் தொகுதியை உருட்டி வைக்கிறார்கள். இதோடு பாஸ்போர்ட், சுங்கச் சோதனையும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரம் முழுவதும் கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள், எல்லைக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்வந்துவிடுங்கள்.

ஏன் இப்படி என்றால், ரயில் வந்த காலத்தில் ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு பொறியாளர்கள் தங்களுக்குச் சரி என்று பட்ட அளவை வைத்தார்கள். 1,435 என்பது இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்க வண்டிப் பாதைகளிலிருந்து ரயில் பொறியாளர் ஸ்டீவன்சன் எடுத்துக்கொண்ட அளவு. ரஷ்யாவில் மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பாதைக்கு ஆலோசகராக வந்த அமெரிக்கர் விஸ்லர் ஐந்து அடி என்று பரிந்துரைத்தார். அப்போது அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஐந்து அடிப் பாதைகள் இருந்தன. அந்தத் தென் மாநிலப் பாதைகளை 1886இல் மாற்றிய கதைதான் எனக்கு ரயில் வரலாற்றிலேயே மிகவும் பிடித்தது: மே 31, ஜூன் 1 என இரண்டே நாட்களில், ஏறக்குறைய 18,000 கி.மீ. பாதையில் ஒரு பக்கத் தண்டவாளத்தை மூன்று அங்குலம் உள்ளே நகர்த்தி அடித்துவிட்டார்கள். ஆணிகளை முன்கூட்டியே அடித்துத் தயாராக வைத்திருந்து, அந்த இரண்டு நாளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். ரஷ்யா மாற்றவில்லை, அதனால் இன்றைக்கும் எர்லியானில் ஜாக்கி வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஸ்பெயின் வேறு வழி கண்டுபிடித்தது. அங்கே பழைய பாதைகள் 1,668 மி.மீ., பக்கத்து பிரான்ஸ் 1,435. டால்கோ நிறுவனம் சக்கரமே பக்கவாட்டில் நகர்ந்து அளவு மாறுகிற மாதிரி ரயில் செய்தது, 1969இலேயே பார்சிலோனாவிலிருந்து ஜெனிவா வரை அது ஓடியது. ரயில் ஒரு கொட்டகைக்குள் மெதுவாக ஊர்ந்து மறுபக்கம் வரும்போது சக்கரம் மாறியிருக்கும், தூக்குவதும் இல்லை இறக்குவதும் இல்லை.

அளவு ஒன்றாக இருந்தாலும் எல்லையில் வேறு சிக்கல்கள் உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் மின்கம்பியில் ஓடுவது 15,000 வோல்ட், இத்தாலியின் பழைய பாதைகளில் 3,000 வோல்ட் நேர்மின்சாரம். எல்லா மின்சாரத்திலும் ஓடும் எஞ்சின்கள் வருவதற்கு முன்பு எல்லைதோறும் எஞ்சின் மாற்றியாக வேண்டும். பிரான்சில் ரயில்கள் இடது பக்கம் ஓடும், ஆனால் அல்சாஸ், மொசெல் பகுதிகளில் மட்டும் வலது பக்கம், ஏனென்றால் 1871 முதல் 1918 வரை அவை ஜெர்மனியிடம் இருந்தன. அந்தப் பழைய எல்லையில் ஒரு பாதை இன்னொன்றுக்கு மேலே பாலமாகத் தாண்டி இடம் மாறிக்கொள்ளும். ஜன்னலோரம் இருந்தால் கவனித்துப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, வேலை முடிந்து தனியாக ஐரோப்பாவில் இரவு ரயிலில் போக ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். பாதுகாப்பா?

துணையோ குழுவோ இல்லாமலேயே தாராளமாகப் போகலாம், பெட்டியை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட்தான் இப்போது அங்கே இரவு ரயில்களில் பெரியது. 2016 டிசம்பரில் ஜெர்மனி தன் இரவு ரயில்களைக் கைவிட்டபோது இவர்கள் பல பாதைகளை எடுத்துக்கொண்டார்கள், அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். உட்காரும் பெட்டி, நான்கு அல்லது ஆறு பேர் படுக்கும் பெட்டி, ஒன்று முதல் மூன்று பேர் படுக்கும் தனி அறை என்று வகை இருக்கிறது. உட்காரும் பெட்டி மலிவு, ஆனால் இரவு முழுக்க ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள், தூக்கமும் வராது, பையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தனியாகப் போகும் பெண்ணுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

படுக்கும் பெட்டியில் பெண்களுக்கென்று தனி அறை முன்பதிவின்போதே கேட்கலாம். புதிய ரயில்களில் 'மினி கேபின்' என்று ஒருவர் மட்டும் படுக்கும் மூடிய அறை வந்திருக்கிறது, உள்ளே பூட்டிக்கொள்ளலாம், பைக்கும் தனிப் பூட்டு. உயரமானவர்களுக்கு இறுக்கமாக இருக்கலாம், ஆனால் நிம்மதிக்கு அதுதான் முதல் இடம். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் போர்வைக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ரயில் எண்ணும் பெட்டி எண்ணும் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்த ரயில்கள் நடு இரவில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி ஒரு நாட்டுக்கும் மறுபாதி வேறு நாட்டுக்கும் போகும். டிக்கெட்டில் இருக்கும் பெட்டி எண்ணில்தான் ஏற வேண்டும். காலியாக இருக்கிறதே என்று வேறு பெட்டிக்குப் போய்த் தூங்கிவிடக் கூடாது. ஜெர்மனியின் பகல் ரயில்களிலும் இந்தப் பிரிப்பு உண்டு, அதனால் பிளாட்பாரத்தில் பெட்டி வரிசை காட்டும் பலகையைப் பார்த்துவிட்டு நில்லுங்கள்.

கேள்வி: சீனாவில் மொழி தெரியாமல் அதிவேக ரயிலில் போக முடியுமா?

முடியும், ஆனால் அது விமான நிலைய வழக்கத்தோடு நடக்கும் ரயில் என்று மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். டிக்கெட் உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது, காகித டிக்கெட்டே தேவையில்லை, பாஸ்போர்ட்தான் டிக்கெட். ஸ்டேஷனுக்குள் நுழையவே பைகளை ஸ்கேன் செய்வார்கள், கத்தி, பெரிய ஸ்ப்ரே டப்பா எல்லாம் எடுத்துவிடுவார்கள். நேராக பிளாட்பாரத்துக்குப் போக முடியாது, காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்து வாசல் திறந்த பிறகுதான் போக வேண்டும், கிளம்பும் நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே வாசலை மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரம் முன்பு போய்விடுங்கள். தானியங்கி வாசல் உங்கள் பாஸ்போர்ட்டைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியில் போங்கள்.

பலர் சிக்குவது ஸ்டேஷன் பெயரில். பெய்ஜிங் தெற்கு, பெய்ஜிங் மேற்கு, வெறும் பெய்ஜிங் எல்லாம் வெவ்வேறு இடங்கள், நடுவே நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகலாம். ஷாங்காய் போகும் வேக ரயில்கள் பெரும்பாலும் பெய்ஜிங் தெற்கிலிருந்து கிளம்பி ஷாங்காய் ஹோங்சியாவோவில் நிற்கும். அந்த 1,318 கி.மீ. தூரத்தை வேகமான ரயில்கள் நாலரை மணி நேரத்தில் கடந்துவிடும், 350 கி.மீ. வேகத்தில் போகும்போதும் உள்ளே ஆட்டமே இருக்காது. டிக்கெட் பொதுவாக 15 நாள் முன்புதான் விற்பனைக்கு வரும். வசந்த விழா, அக்டோபர் முதல் வார விடுமுறை ஆகிய நாட்களில் போகாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவுக்கு ரயிலில் போகலாமா? இரண்டு இரவு ஆகுமாமே, அவ்வளவு பெரிய நாட்டில் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?

போகலாம், ஆனால் சேரும் அன்றைக்கே எந்த விமானமும் சந்திப்பும் வைத்துக்கொள்ளாதீர்கள். 1971இல் உருவான ஆம்ட்ராக் பயணிகள் ரயிலை ஓட்டுகிறது, ஆனால் வடகிழக்கில் வாஷிங்டன், நியூயார்க், பாஸ்டன் பாதையை விட்டால் அது ஓடும் தண்டவாளங்கள் பெரும்பாலும் சரக்கு ரயில் நிறுவனங்களுடையவை. பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சரக்கு ரயில்கள் மிக நீளமாகிவிட்டதால் ஒதுங்கி நிற்கும் கிளைப்பாதையில் அவை அடங்குவதில்லை, கடைசியில் ஒதுங்கி நிற்பது பயணிகள் ரயில்தான். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, இவ்வளவு அழகான பாதைகளை வைத்துக்கொண்டு மக்களை இப்படிக் காக்க வைக்கிறார்களே என்று.

அழகு என்று சொல்வதைச் சும்மா சொல்லவில்லை. நீங்கள் கேட்ட பாதையில் ஓடும் கலிபோர்னியா ஸெஃபிர் ரயில் 3,900 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது, அட்டவணைப்படி 50 மணி நேரத்துக்குச் சற்று மேல். சிகாகோவில் மதியம் ஏறினால் மறுநாள் காலை டென்வர், அங்கிருந்து ராக்கி மலை ஏற்றம், மோஃபட் சுரங்கம், அப்புறம் கொலராடோ ஆற்றங்கரையோரமாகவே பல மணி நேரம், மூன்றாம் நாள் பகலில் சியரா நெவாடா. மேற்கு நோக்கிப் போகும்போது மலைகள் இரண்டும் பகல் வெளிச்சத்தில் வரும். கூரை வரை கண்ணாடி ஜன்னல் வைத்த பெட்டி எல்லாருக்கும் பொது, டென்வர் தாண்டியதும் நிரம்பிவிடும். படுக்கை அறை எடுத்தால் சாப்பாடு கட்டணத்திலேயே சேர்ந்துவிடும், சாதாரண இருக்கையும் நன்றாகச் சாயும், இளைஞர்களுக்கு அதுவே போதும். கடைசி ஸ்டேஷன் எமரிவில், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பஸ் இணைப்பு இருக்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறுவது கஷ்டம். எந்த நாட்டு ரயில் வசதி?

ஜப்பானின் ஷின்கான்சென், சீனாவின் அதிவேக ரயில் இரண்டிலும் பிளாட்பாரமும் பெட்டித் தளமும் ஒரே மட்டம், நடந்தே உள்ளே போய்விடலாம். ஐரோப்பாவில் பல இடங்களில் பிளாட்பாரம் 55 அல்லது 76 செ.மீ. உயரம்தான், பழைய பெட்டிகளில் செங்குத்தாக மூன்று படி இருக்கும். இலவச உதவி உண்டு, ஓரிரு நாள் முன்பே ரயில் நிறுவனத்திடம் பதிவு செய்தால் சக்கர நாற்காலியும் அதை ரயிலில் ஏற்றும் தூக்கும் கருவியும் கொண்டுவருவார்கள். ரயில் மாறும் இடத்தில் அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள், ஆறு நிமிடத்தில் மாறலாம் என்று இணையம் காட்டும், அது அம்மாவுக்கான கணக்கு இல்லை.

கேள்வி: லண்டனிலிருந்து பாரிஸுக்கு யூரோஸ்டாரில் போகப் பிரிட்டன் விசா மட்டும் போதுமா?

போதாது. பாரிஸ் இருப்பது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் ஷெங்கன் பகுதியில், விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் அதற்குத் தனி விசா வேண்டும். பிரெஞ்சு அதிகாரிகள் லண்டன் செயின்ட் பான்க்ராஸ் ஸ்டேஷனிலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவார்கள், அந்த விசா இல்லையென்றால் ரயில் ஏறவே முடியாது. திரும்பி வருவதற்கு உங்கள் பிரிட்டன் விசா பல முறை நுழைய அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் முன்பு போங்கள்.

கேள்வி: இயற்கைக் காட்சிக்காகவே ஒரு ரயில் பயணம் என்றால் எதைச் சொல்வீர்கள்? பெர்னினா எக்ஸ்பிரஸ் டிக்கெட் விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது.

பெர்னினா பாதையையே சொல்வேன், ஆனால் எக்ஸ்பிரஸ் வேண்டாம். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோ வரை போகும் அந்தப் பாதை 1910இல் முழுமையானது, 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2,253 மீட்டர் உயரத்தில் பனிப்பாறை பக்கத்தில் இருக்கும் ஓஸ்பிட்ஸியோ பெர்னினா ஸ்டேஷன் வரை பற்சக்கரம் இல்லாமல் சாதாரணச் சக்கரத்திலேயே ஏறி, அங்கிருந்து 429 மீட்டரில் இருக்கும் திரானோவுக்கு இறங்கும், நடுவே புரூசியோவில் வட்டமாகச் சுற்றும் கல்பாலத்தில் தன் வாலைத் தானே பார்த்துக்கொண்டு வரும். இதே தண்டவாளத்தில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று என்று சாதாரண ரயிலும் ஓடுகிறது. அதற்கு முன்பதிவுக் கட்டணம் இல்லை, வழியில் பிடித்த ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறலாம். பாதைக்கான டிக்கெட் என்பதன் அருமை இங்கேதான் தெரியும். பெரிய கண்ணாடி வைத்த எக்ஸ்பிரஸ் பெட்டியில் ஜன்னல் திறக்காது, போட்டோவில் உங்கள் முகமும் சேர்ந்து விழும். சாதாரண ரயிலில் சில பெட்டிகளின் ஜன்னலைக் கீழே இறக்கலாம்.

இதே யோசனை ஸ்காட்லாந்துக்கும் பொருந்தும். 21 வளைவுகள் கொண்ட கிளென்ஃபின்னன் பாலத்துக்காக நீராவி ரயிலில் இடம் கிடைக்காமல் பலர் ஏமாந்து போகிறார்கள், ஆனால் கிளாஸ்கோவிலிருந்து மல்லைக் போகும் சாதாரண ரயிலும் அதே பாலத்தில்தான் போகிறது. நார்வேயில் ஓஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் தினசரி ரயிலே 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்சே வழியாகப் போகிறது, ஏழு மணி நேரப் பயணம், முன்கூட்டி வாங்கினால் விலையும் குறைவு. மல்லைக் பக்கம் போகும்போது ஃபோர்ட் வில்லியம் தாண்டி இடது பக்க ஜன்னல் பிடியுங்கள். கோடையில் அந்த ரயிலும் நிறைந்துவிடும், அதனால் இருக்கை முன்பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுங்கள்.